காதில் விழாத துடக்கு

ஆற்றுக்குறிச்சி
23.01.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் லவனும் பத்திரமாய் வந்து சேர்ந்துவிட்டோம். உங்கள் நெஞ்சு நோ எப்படி இருக்கிறது? குளிசைகளை நேரத்துக்குப் போடுகிறீர்களா, அல்லது ஜெகதீஸ்வரி மச்சாள் பழைய கணக்கு ரீச்சர் மாதிரிப் பிரம்போடு நிற்க வேண்டியிருக்கிறதா?

நாங்கள் நினைத்த மாதிரி இது பெரிய ஊர் இல்லை. கொள்ளிடக் கரையில் நாலு தெரு, ஒரு அம்மன் கோயில், கோயிலை நம்பி இருபது முப்பது லொட்ஜ். எங்கள் லவனைப் போல மனம் குழம்பிய பிள்ளைகளை எங்கெங்கிருந்தோ கூட்டிவந்து வைத்திருக்கிறார்கள். தெருவில் ஒருவன் தனக்குள் கதைத்துக்கொண்டு போனாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெள்ளவத்தையில் லவன் லிஃப்டுக்குள் நின்றால் சனம் அடுத்த லிஃப்டுக்குக் காத்து நிற்கும். இங்கே தேநீர்க் கடைக்காரர் அவனைப் பார்த்து, "தம்பிக்குச் சர்க்கரை கம்மியா போடவா?" என்று கேட்டார். மூன்று வருடத்தில் அவனிடம் நேரே ஒரு கேள்வி கேட்ட முதல் அந்நியர் அவர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முறை இதுதான். நாற்பத்தெட்டு நாள் ஊரை விட்டு வெளியே போகக்கூடாது. விடிய ஆற்றில் முழுக்கு. மத்தியானமும் பின்னேரமும் பூசை முடிந்ததும் முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள். ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காலையில் வாசலில் ஒரு வயதான பூசாரி உட்கார்ந்திருப்பார். நோயாளியிடம் ஒன்றும் கேட்கமாட்டார். கூட வந்தவரிடம்தான் கேட்பார்: "பேரு? நட்சத்திரம்? தீட்டு உண்டா?" நாங்கள் துடக்கு என்பதைத்தான் இங்கே தீட்டு என்கிறார்கள். இல்லை என்று நான் சொன்னால்தான் உள்ளே விடுவார். முதல் நாளே எச்சரித்துவிட்டார்: "உன் வாய்ச்சொல்தாம்மா சாட்சி. பொய் சொன்னா புள்ள மேலதான் திரும்பும்."

போனை வீட்டில் விட்டுவந்தது நல்லதாய்ப் போயிற்று. நேற்றுப் பக்கத்து அறையில் போன் மணி அடித்ததும் லவன் கட்டிலுக்குக் கீழே போய்விட்டான். அந்தக் கோல் சென்டர் வேலையை எடுத்துக் கொடுத்தவனின் தலையில் இடி விழ. டொக்டர் தந்த குளிசைகளையும் நான் நிறுத்தவில்லை. அம்மனும் டொக்டரும் தங்களுக்குள் கதைத்துத் தீர்த்துக்கொள்ளட்டும்.

பௌஸி நானா தன் கடைக்குப் புடைவை எடுக்கக் கொழும்பிலிருந்து கிழமைதோறும் திருச்சிக்கு வருவதால் நமக்குத் தபால் செலவு இல்லை. இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. பதில் எழுதுங்கள். வெயிலுக்குள் மார்க்கெட்டுக்கு நடக்காதீர்கள்.

உங்கள்
யோகாம்பிகை


வெள்ளவத்தை, கொழும்பு 6
28.01.2025

அன்புள்ள யோகம்,

உன் கடிதம் கண்டு நெஞ்சு நோ பாதி போயிற்று. மீதிப் பாதிக்கு ஜெகா இஞ்சிச் சாறு தருகிறாள். குடித்தால் நோ போகுமோ தெரியாது, நாக்குப் போய்விடும்.

நாற்பது வருடத்தில் நீ எனக்கு எழுதிய முதல் கடிதம் இது என்று கணக்குப் பார்த்தேன். ஒரே வீட்டில் இருந்தால் எங்கே எழுதுவது? மூன்று தரம் வாசித்துவிட்டேன். லவனிடம் சொல்லு, அவனுடைய அறையை நான் திறந்து காற்றுப் பிடிக்க விட்டிருக்கிறேன், ஒரு சாமானையும் தொடவில்லை என்று. அவன் கேட்காவிட்டாலும் சொல்லு. அவன் காதில் மற்றக் குரல்களெல்லாம் போகிறதென்றால் என்னுடையதும் போகாமலா விடும்?

மேல்மாடிச் சவுந்தரநாயகம் பின்னேரங்களில் சீட்டு விளையாட வருகிறார். வழக்கம்போல் தோற்றுவிட்டு வழக்கம்போல் சீட்டுக்கட்டைப் பழி சொல்கிறார். என்னைப் பற்றி யோசியாதே. நாற்பத்தெட்டையும் முடித்துக்கொண்டு வா.

அன்புடன்
கனகசபாபதி

மச்சாள், அண்ணா விட்ட இடத்தில் நான் இரண்டு வரி எழுதுகிறேன். இஞ்சிச் சாற்றை வாழைமரத் தொட்டிக்குள் ஊற்றுகிறார், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. கொக்குவில் பெரியப்பாவின் மகன் நவரத்தினம் அண்ணை போன கிழமை மோசம் போய்விட்டார். எண்பத்தாறு வயது, நல்ல சாவு. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதினேன். லவனுக்கு என் அன்பு. ஜெகா.


ஆற்றுக்குறிச்சி
02.02.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாய் இருக்க வேண்டும். நாங்கள் சுகமாய் இல்லை.

உங்கள் இரண்டு வரி எங்களுக்கு என்ன செய்தது என்று சொல்கிறேன். வியாழக்கிழமை காலை வாசலில் பூசாரி, "தீட்டு உண்டா?" என்றார். பதினொரு நாளாய்ச் சொன்ன "இல்லை" அன்றைக்கு வாயில் வரவில்லை. நவரத்தினம் அண்ணையின் சாவைச் சொன்னேன். "பங்காளியா?" என்றார். ஓம் என்றேன். "அப்ப பத்து நாள் வெளியில நில்லும்மா. அப்புறம் புதுசா ஒண்ணாம் நாள்."

நான் அவரோடு சண்டைக்குப் போனேன். "அவர் செத்துப் பத்து நாளாகுது ஐயா. துடக்குக் கழிஞ்சிருக்குமே" என்றேன். அவர் அமைதியாய்ச் சொன்னார்: "எப்பச் செத்தாருங்கறது இல்ல கணக்கு. உன் காதுல என்னிக்கு விழுந்துச்சோ அன்னிலேர்ந்துதான். விழாத சாவுக்குத் தீட்டு கிடையாது."

பக்கத்து அறை மதுரைக்காரி, "ஏங்க்கா சொன்னீங்க, இல்லைன்னுட்டுப் போயிருக்கலாம்ல?" என்கிறாள். பொய் பிள்ளை மேல் திரும்பும் என்று சொல்லிவிட்டார்கள், மச்சாள். வேறு எதற்கும் பொய் சொல்வேன், இதற்கு எப்படிச் சொல்வது?

பதினொரு நாளில் அவன் கொஞ்சம் அடங்கி வந்தவன். வெளியே நிறுத்தியதும் பழையதை விட மோசமாய்ப் போய்விட்டான். நேற்றுத் தன் கையைத் தானே கடித்து இரத்தம். அவனுடைய இரண்டு கைகளையும் என் சீலையால் சேர்த்துக் கட்டினேன். இருபத்தேழு வயதுப் பிள்ளையின் கையைக் கட்டுகிற தாயை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பத்தாம் தேதி திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்குகிறோம். இந்த முறையும் தவறினால், விசா முடிய முன் இன்னொரு நாற்பத்தெட்டுக்கு நாள் இல்லை. அவனைத் திரும்பக் கொண்டுவந்து அங்கொடை விசர் ஆஸ்பத்திரியில் விடுவதா, அல்லது இரண்டு பேரும் இந்த ஆற்றில் இறங்குவதா என்று யோசித்தேன். உண்மையாகத்தான் யோசித்தேன்.

உங்களில் கோபம் இல்லை. இருக்கிறது, பிறகு போய்விடும். அத்தானிடம் கையைக் கட்டியதைச் சொல்லாதீர்கள்.

யோகாம்பிகை


வெள்ளவத்தை
07.02.2025

அன்புள்ள யோகம்,

சுகமா என்று கேட்க வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். சாப்பிடுகிறாயா?

நீ ஜெகாவுக்கு எழுதியதை நான் வாசித்துவிட்டேன். அவள் ஒளித்துத்தான் வைத்தாள், அரிசி வாளிக்குள். இந்த வீட்டில் ஒளிக்க வேறு இடம் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? நேற்றுவரை மூன்று நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. என்னோடு கோபம் இல்லை, தன்னோடு. முப்பது வருடம் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பிழைகளைத் திருத்தியவள், தன்னுடைய பிழையைத் திருத்த வழியில்லாமல் கிடக்கிறாள்.

நேற்று அவளைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னேன்: "இனி இந்த நாற்பத்தெட்டு நாளுக்குள்ளை ஆர் செத்தாலும் யோகத்துக்கு எழுதப்படாது. நான் செத்தாலும் எழுதப்படாது." அவள், "விசர்க் கதை கதையாதேங்கோ அண்ணா" என்றாள். "சத்தியம் பண்ணு" என்றேன். சாமியறைக்குப் போய்ச் சத்தியம் பண்ணிவிட்டு வந்து என்னைத் திட்டினாள். பகிடி என்று நினையாதே யோகம். எனக்கு எழுபத்திரண்டு. அவனுக்கு இருபத்தேழு.

கையைக் கட்டியதற்காக நீ அழவேண்டாம். நானும் ஒருநாள் கட்டியிருக்கிறேன், நீ சந்தைக்குப் போயிருந்த நேரம். உனக்குச் சொல்லவில்லை.

அன்புடன்
கனகசபாபதி


ஆற்றுக்குறிச்சி
22.02.2025

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம்தானே? எழுத நல்ல செய்தி இருக்கிறது, அதனால் விசாரிப்புகளைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

இன்றைக்குப் பதின்மூன்றாம் நாள். காலையில் ஆற்றால் வந்து அவனுக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு குரல்: "அம்மா, தேத்தண்ணி ஆறிப்போச்சு." யாரோ என்று திரும்பிப் பார்த்தேன். லவன்! சூடு பண்ணிக் கொடுத்தேன், குடித்தான். பிறகு கோப்பையைத் தானே கழுவினான். நான் அந்தக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மத்தியானம் இன்னொன்று. சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு, "அப்பா சாப்பிட்டிருப்பாரே?" என்று கேட்டான். "ஓம், மாமி குடுத்திருப்பா" என்றேன். தலையாட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினான். அவன் உங்களைக் கேட்டு எத்தனை காலம், அத்தான்!

இன்னும் முப்பத்தைந்து நாள். நான் நாள்களை எண்ணுவது மூச்சை எண்ணுவது மாதிரி இருக்கிறது. ஒன்றும் நடந்துவிடக்கூடாது. காலையில் வாசலில் "இல்லை" என்று சொல்லி உள்ளே போனபிறகுதான் உடம்பில் உயிர் வருகிறது.

உங்கள் கையால் அவனுக்கென்று தனியே நாலு வரி எழுதி அனுப்புங்கள். நான் வாசித்துக் காட்டுவேன்.

உங்கள்
யோகம்


வெள்ளவத்தை
25.02.2025

மச்சாள்,

இந்தக் கடிதம் உங்களுக்கு வராது. எழுதாவிட்டால் எனக்கு விசர் பிடித்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

அண்ணா போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை. மார்க்கெட்டுக்குப் போய் வல்லாரை வாங்கிவந்தார். கதிரையில் இருந்துகொண்டு, "ஜெகா, கொஞ்சம் தண்ணி" என்றார். நான் தண்ணீர் கொண்டுவரும்போது பேப்பர் நிலத்தில் கிடந்தது. அம்புலன்ஸ் வந்தது, கொண்டுபோனார்கள், ஆஸ்பத்திரியில் கையை விரித்தார்கள். அவ்வளவுதான்.

இன்றைக்குப் பொரளைக் கனத்தைச் சுடலையில் எல்லாம் முடிந்தது. பங்காளிகள் கனடாவிலும் லண்டனிலும். கொள்ளி வைத்தது மேல்மாடிச் சவுந்தரநாயகம். ஒரு துளி இரத்த உறவு இல்லாத மனிதர், சீட்டு விளையாட வந்தவர், வேட்டியைக் கட்டிக்கொண்டு, "நான் வைக்கிறன் ரீச்சர்" என்று முன்னால் வந்தார். சனம் என் காதுபடவே கதைத்தது: "பெத்த பிள்ளை இருக்க, கட்டின பெண்சாதி இருக்க, இவ ஆர் முடிவெடுக்க?" பதிவுக் கந்தோரில் கிளார்க் சிங்களத்தில், "நோனா கோ?" என்றான், பெண்சாதி எங்கே என்று உங்களைத்தான் கேட்டான். இந்தியாவில் என்றேன். ஒருமாதிரிப் பார்த்துவிட்டு எழுதினான்.

லொட்ஜின் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு மத்தியானம் நம்பரை அழுத்திவிட்டேன், மணி அடிக்க முன் வெட்டிவிட்டேன். நேற்றும் அப்படித்தான். சத்தியத்துக்குப் பயந்து இல்லை. எனக்கு உங்கள் அம்மனில் அவ்வளவு நம்பிக்கையும் கிடையாது. இன்றைக்குச் சடலத்தை எடுக்கிற நேரம் பௌஸி நானா வந்து, "டீச்சர், இதை இப்பக் குடுக்கிறது சரியோ தெரியல்ல" என்று உங்கள் கடிதத்தை நீட்டினார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். தேத்தண்ணி ஆறிப்போச்சு என்று லவன் சொன்னானாம். அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டானாம்.

அதை அண்ணாவின் காதில் வாசித்தேன் மச்சாள். சனம் பார்த்தால் பார்க்கட்டும்.

போன முறை என் இரண்டு வரியால் அந்தப் பிள்ளையின் கையைக் கட்டினீர்கள். இந்த முறை நான் எழுதமாட்டேன். உங்கள் காதில் விழாதவரைக்கும் உங்களுக்குத் துடக்கில்லை, பூசாரியே சொன்னது. முழுத் துடக்கும் என்னோடு இருக்கட்டும். ஆனால் பொட்டும் தாலியுமாய் நீங்கள் அங்கே நிற்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள், மன்னிக்கவும் தேவையில்லை.

பௌஸி நானா, "நான் அங்க போய் எந்த மூஞ்சியக் காட்டுற?" என்று கேட்கிறார். காட்டவேண்டாம், கடிதத்தை லொட்ஜ் கவுன்டரில் வைத்துவிட்டு வாருங்கோ என்று சொல்லியிருக்கிறேன்.

ஜெகா


வெள்ளவத்தை
28.02.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உங்கள் கடிதம் கிடைத்தது. லவன் கதைத்ததைக் கேட்டு வீடே நிறைந்தமாதிரி இருந்தது. அண்ணாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன்.

அண்ணாவுக்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது. பேனை பிடிக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பயப்பட ஒன்றும் இல்லை. இனிமேல் நான்தான் எழுதுவேன். இப்போது அமைதியாக இருக்கிறார், நல்ல நித்திரை. இஞ்சிச் சாறு கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன். வீட்டில் மரக்கறிதான் சமைக்கிறோம், உடம்புக்கு அது நல்லது என்று.

லவனுக்கு எழுதச் சொன்ன நாலு வரி: அப்பாவுக்கு உன்னில் நல்ல விருப்பம், கவனமாய் இரு, அம்மாவை அழவிடாதே. அவ்வளவுதான்.

வாசலில் கேட்டால் ஒன்றுக்கும் யோசியாமல் "இல்லை" என்று சொல்லுங்கள். இங்கே ஒன்றும் இல்லை.

அன்புடன்
ஜெகதீஸ்வரி


ஆற்றுக்குறிச்சி
08.03.2025

அன்புள்ள அத்தானுக்கு,

கை நடுக்கம் எப்படி? பேனைதானே பிடிக்கக்கூடாது, பென்சில் பிடிக்கலாமே? ஒரு கையெழுத்து வைக்கவும் முடியாமலா போயிற்று?

மச்சாள் எழுதிய நாலு வரியை லவனுக்கு வாசித்தேன். கேட்டுவிட்டு, "இது அப்பா சொன்னதில்லை" என்றான். "ஏனடா?" என்றேன். "அப்பா எண்டால் ஒரு பகிடியாவது விட்டிருப்பார்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு யோசனை வந்தது. நீங்கள் என்னில் கோபமா? ஊரை விட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, உங்களைத் தனியே விட்டுவிட்டேன் என்றா? கோபமென்றால் திட்டி எழுதுங்கள். உங்கள் திட்டுக்கூட இல்லாமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறது.

பௌஸி நானாவும் இப்போது அறைக்கு வருவதில்லை. கடிதத்தைக் கவுன்டரில் கொடுத்துவிட்டு, "அவசரம் அவசரம்" என்று ஓடுகிறாராம். எல்லோரும் எங்களை விட்டு விலகுகிற மாதிரி இருக்கிறது.

இருபத்தேழாம் நாள். அவன் தானே சேட்டைப் போட்டுத் தெறி பூட்டுகிறான். தேநீர்க் கடைக்குத் தனியே போய்வருகிறான். குரல்கள் இன்னும் கேட்கிறது என்கிறான், ஆனால் தூரத்துக் கல்யாணவீட்டுச் சத்தம் மாதிரி என்கிறான். திரும்பி வரும்போது உங்கள் முன்னால் அவனை நிறுத்தி, "இந்தாருங்கோ உங்கட பிள்ளை" என்று சொல்லவேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் இங்கே சீவிக்கிறேன். அதற்கு நீங்கள் சுகமாய் இருக்க வேண்டும், கேட்டீர்களா?

உங்கள்
யோகம்


வெள்ளவத்தை
14.03.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் சுகத்தை அறிய ஆவல்.

அண்ணாவுக்கு உங்களில் ஒரு கோபமும் இல்லை. இருந்ததே இல்லை. அதை நான் அவருக்காக அல்ல, எனக்குத் தெரிந்ததால் எழுதுகிறேன். நாற்பது வருடம் உங்களைக் கட்டிக்கொண்டு ஒரு குறை என்னிடம் சொன்னதில்லை. தங்கச்சியிடம் பெண்சாதியைப் பற்றி ஒரு குறையும் சொல்லாத ஆம்பிளையை நான் வேறெங்கும் காணவில்லை.

இன்னொரு விசயம். திங்கட்கிழமை நான் கடைக்குப் போயிருந்த நேரம் அண்ணாவின் போனுக்கு ஒரு இந்திய நம்பரில் இருந்து கோல் வந்திருக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து ஃபிளட் தனுஷியா எடுத்தாளாம். யாரென்று கேட்க வெட்டிவிட்டார்களாம். அவள் ஒரு ஓட்டைவாய்ப் பெட்டை. நீங்களா எடுத்தது? நீங்கள் என்றால் மறைக்காமல் எழுதுங்கள் மச்சாள். என்ன கேட்டீர்கள், அவள் என்ன சொன்னாள், எல்லாவற்றையும் எழுதுங்கள். உங்கள் பதில் வரும்வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

நீங்கள் இல்லையென்றால் இதை மறந்துவிடுங்கள். பிழையான நம்பராய் இருக்கும்.

ஜெகதீஸ்வரி


ஆற்றுக்குறிச்சி
22.03.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

நாங்கள் சுகம். கடவுளே என்று நீங்களும் இருக்க வேண்டும்.

நான் ஒருவருக்கும் கோல் எடுக்கவில்லை. போனைத் தொட்டு இரண்டு மாதமாகிறது. ஒரு பிழையான நம்பருக்குச் சோறு இறங்காமல் இருக்கிறீர்களா? அண்ணனும் தங்கச்சியும் நான் இல்லாமல் அங்கே பித்துப் பிடித்து இருக்கிறீர்கள் போல.

நாற்பத்தோராம் நாள். ஏழு நாள்தான் இருக்கிறது. ஆனால் லவனைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். ஒரு பத்துப் பன்னிரண்டு நாளாய் ஆள் மாறிவிட்டான். குழப்படி இல்லை, கதை தெளிவு. ஆனால் பாயைப் போட்டு நிலத்தில் படுக்கிறான். கட்டிலில் படு என்றால், "நிலம் குளிர்" என்கிறான். சவரம் செய்ய மறுக்கிறான். ஒருநேரச் சாப்பாடுதான். ஆற்றில் முழுகும்போது அவன் தோள் குலுங்குவதை இரண்டு தரம் கண்டேன். என்னடா என்றால், "தண்ணி மூக்குக்குள்ளை போட்டுது" என்கிறான். திரும்பவும் தொடங்குகிறதோ என்று எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஆனால் முந்தாநாள் எனக்குக் கால் வீங்கியிருக்கக் கண்டு, இருத்தி எண்ணெய் பூசிவிட்டான். "அம்மா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்கப்படாது. நான் இருக்கிறன்" என்றான். வருத்தக்காரன், மனம் குழம்பினவன் அப்படிச் சொல்வானா?

பூசாரியிடம் கேட்டேன். "தெளிஞ்சவனுக்குத்தான்மா அழுகை வரும்" என்றார்.

அத்தானிடம் கேட்டு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த சனிக்கிழமை நாற்பத்தெட்டு. திங்கட்கிழமை விமானம். எயார்போட்டுக்கு அவர் வரவேண்டாம், வெயில்.

யோகாம்பிகை


ஆற்றுக்குறிச்சி
22.03.2025

அன்புள்ள மாமிக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா? இதை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதி, பௌஸி நானாவின் கையில் தனியே கொடுத்திருக்கிறேன். அவர் கவுன்டரில் வைத்துவிட்டு ஓடப் பார்த்தார், பிடித்துவிட்டேன். என்னைக் கண்டதும் அழுதார்.

அந்தக் கோல் நான்தான் எடுத்தேன். பத்தாம் தேதி, தேநீர்க் கடைக்காரரின் போனில். அப்பா கோபமாய் இருக்கிறார் என்று அம்மா தினமும் கவலைப்பட்டார். நானே அப்பாவோடு கதைத்து, அவருக்கு ஒரு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். போனைக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோக ஒரு மணித்தியாலம் எடுத்தது. கடைக்காரர், "மெதுவா பண்ணு தம்பி" என்று பக்கத்திலேயே நின்றார். மணி அடித்தது. ஒரு பெண்குரல். "கனகசபாபதி இருக்கிறாரோ?" என்று கேட்டேன். "அங்கிள் மோசம் போயிட்டார். நேற்றோடை இரண்டு கிழமையாகுது. நீங்கள் ஆர்?" என்றது.

முதலில் அதுவும் என் காதுக் குரல்களில் ஒன்று என்று நினைத்தேன், மாமி. அப்படி இருக்கக்கூடாதா என்று ஆசைப்பட்டேன். முதல் தடவையாய். ஆனால் அது உண்மையான குரல் என்று எனக்குத் தெரிந்தது. இப்போது எது குரல், எது ஆள் என்று எனக்குத் தெரிகிறது.

நீங்கள் ஏன் எழுதவில்லை என்று எனக்கு விளங்கியது. பாயில் கிடந்தால் எல்லாம் விளங்கும். போன முறை வெளியே நிறுத்தியபோது நான் அம்மாவுக்குச் செய்ததெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒன்றும் மறக்கவில்லை. அதனால்தான் நானும் சொல்லவில்லை. காதில் விழுந்த நாளிலிருந்து துடக்கு என்றால் எனக்குப் பன்னிரண்டு நாளாகிறது. ஆனால் வாசலில் பூசாரி என்னிடம் கேட்பதில்லை. விசரனிடம் யார் கேட்பார்கள்? அம்மாவிடம் கேட்கிறார். அம்மா தனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொல்கிறார். நான் அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகிறேன். இது சரியா பிழையா என்று அம்மனிடம் கேட்டேன். ஒரு குரலும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அப்பாவின் முப்பத்தோராம் நாள், என்ன? நானும் எண்ணினேன். அங்கே அந்தியேட்டிக் கிரியையை நீங்கள் செய்வியுங்கள். இங்கே விடிய எல்லோரும் ஆற்றில் மூன்று முழுக்குப் போடுகிறவர்கள்தான். நான் இன்னொன்று கூடப் போட்டால் ஒருவருக்கும் தெரியாது. நாற்பத்தெட்டு முடிந்து தீர்த்தம் வாங்கிய பிறகு, அம்மாவை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் நானே சொல்கிறேன். எயார்போட்டில் உங்கள் முகத்தைக் கண்டு அவர் அறியக்கூடாது. பிறகு அங்கேயே மொட்டை அடித்துக்கொள்வேன். மாமி, எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா விழுந்தால் தூக்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை. முடியவேண்டும்.

அதற்கு முன் எனக்கு ஒரு பதில் வேண்டும். சனிக்கிழமை பௌஸி நானா காலையிலேயே கொண்டுவந்து தருகிறேன் என்றார். அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது யார் என்று மட்டும் எழுதிவிடுங்கள். அம்மா முதலில் அதைத்தான் கேட்பார்.

உங்கள் மருமகன்
லவன்